ராக்டாலுக்கும் பிரிட்டிஷுக்கும் நடுவே ஒரு பால்குடம்

1

இதைச் செருப்பு மாட்டும் முக்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். தோளில் ஆபீஸ் பை, கையில் ஒரு தம்ளர் தண்ணீர். வாசற்கதவு எட்டினால் தொடுகிற தூரம். எனக்கும் கதவுக்கும் நடுவே சற்று முன் ஒரு பூனை இடமிருந்து வலமாகப் போனது.

பூனை குறுக்கே போனால் என்ன செய்ய வேண்டும் என்று செங்கல்பட்டு மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்ப வேண்டும். குடித்தேன். கிளம்பினேன். இன்னொரு பூனை வலமிருந்து இடமாகப் போனது.

நான் படித்தவன். ஜெர்மனியில், ஃப்ராங்க்ஃபர்ட்டுக்குப் பக்கத்தில், மென்பொருள் எழுதிச் சம்பாதிப்பவன். செங்கல்பட்டில் கல்லூரியில் படித்தபோது மூடநம்பிக்கையைக் கிழித்துத் தொங்கவிட்டுப் பேசி, எவர்சில்வர் தட்டு ஒன்றைப் பரிசாக வாங்கியவன். அந்தத் தட்டில்தான் இப்போது இந்த இரண்டு பூனைகளும் சாப்பிடுகின்றன.

இந்த நிலைமைக்கு எப்படி வந்தேன் என்பதை ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். நீங்களும் நாளைக்கு மகளைப் பெற்று, வெளிநாட்டுக்கு வந்து, மாட்டிக்கொள்ளலாம்.

2

ஆரம்பித்தது என் மகள் ஓவியா. பதினாறு வயது. கணக்குப் போடுவது, கோபப்படுவது, தூக்கத்தில் உளறுவது எல்லாம் ஜெர்மனில். தமிழ், சாப்பாட்டு மேசைக்கு மட்டும். அந்த மேசையில் ஒரு நாள் மடிக்கணினியைத் திறந்து வைத்தாள். படம், பட்டியல், வண்ண வண்ணமாகக் கட்டங்கள். எங்கள் ஆபீஸில் பத்து பேர் சேர்ந்து செய்தாலும் அவ்வளவு நேர்த்தியாக வராது.

விஷயம் இதுதான். அவளுக்குப் பூனை வேண்டும். இரண்டு இனங்களை வடிகட்டி வைத்திருக்கிறாள். ஒன்று ராக்டால், இன்னொன்று பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர். எதை வாங்கலாம் என்று குடும்பம் முடிவு செய்யலாம். வாங்கலாமா என்பது முடிந்துபோன விஷயம்.

ராக்டாலைப் பற்றி முதலில் சொல்கிறேன். நீலக் கண், பஞ்சு உடம்பு. தூக்கினால் நனைந்த துண்டுபோலக் கையில் தொங்கும். அதுதான் அதன் சிறப்பாம். பூனை என்றால் தூக்கும்போது திமிற வேண்டும், பிறாண்ட வேண்டும், நம் தலையெழுத்தைச் சபித்துவிட்டு ஓட வேண்டும். தூக்கினால் தொங்குவதற்கு எங்கள் வீட்டில் ஏற்கெனவே நான் இருக்கிறேன்.

பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் வேறு வகை அவலம். உருண்டை முகம், உப்பிய கன்னம், எதிரில் இருப்பவன் மனுப்போட வந்திருக்கிறான் என்பதுபோல ஒரு பார்வை. ஓய்வுபெற்ற தாசில்தார் நான்கு காலில் நடந்தால் அப்படித்தான் இருப்பார். நிறம் அசல் சாம்பல். அடுப்புச் சாம்பல். அதற்கு இந்த உலகத்தில் ‘நீலம்’ என்று பெயர். சாம்பலை நீலம் என்று சொல்லி விலை வாங்கத் தெரிந்தவர்கள் நம்மை ஆண்டதில் வியப்பே இல்லை.

இரண்டுக்கும் வம்சாவளிப் பத்திரம் உண்டு. ஐந்து தலைமுறை. ஒரு ராக்டால் குட்டியின் பூட்டனுக்கு ஏதோ கோட்டையின் பெயரும் பிரபுப் பட்டமும் சேர்ந்து ஒன்றரை வரி நீளம். என் பூட்டன் பெயர் எனக்குத் தெரியாது. அச்சரப்பாக்கத்தில் இருக்கும் என் அக்காவிடம் கேட்டேன். “முனுசாமியோ, முனியனோ... இன்னாத்துக்குக் கேக்கற?” என்றாள். பூனை வாங்க என்று சொல்ல வாய் வரவில்லை.

“சரிம்மா, ஆடிக்கு ஊருக்குப் போவோமே, அப்போ பூனையை யார் பார்த்துப்பா?” என்று கேட்டேன். கேட்கும்போதே ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் ஊருக்குப் போவது எங்கள் வீட்டுச் சட்டம். அதை எழுதியவன் நான்.

ஓவியா கடைசிப் படத்தைத் திறந்தாள். அந்தக் கேள்விக்கென்றே ஒரு படம் தயாராக இருந்தது.

“நான் இருப்பேன்பா. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் கேட்டது பூனை அல்ல. ஊருக்கு வராமல் இருக்க உயிருள்ள ஒரு காரணம். அது நான்கு காலில் நடக்கும், தினமும் சாப்பிடும், பதினைந்து வருஷம் உயிரோடு இருக்கும்.

3

எனக்கு உள்ளே திக்கென்றது. வெளியே சிரித்தேன். பயந்தால் சிரிப்பது என் வழக்கம். என் கல்யாணப் போட்டோவில் எல்லாம் நான் பிரமாதமாகச் சிரித்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு சம்பந்தத்தைக் கலைக்க வேண்டுமானால் எவனும் ‘வேண்டாம்’ என்று சொல்ல மாட்டான். சொன்னால் பகை. “நல்ல இடம்தான், இருந்தாலும் இன்னொரு இடமும் பார்த்துடலாமே” என்பான். அவ்வளவுதான். இரண்டு இடம் வந்துவிட்டால் இங்கே மூக்கு, அங்கே சம்பளம், இங்கே மாமியார், அங்கே மூல நட்சத்திரம் என்று பேசிப் பேசியே பையனுக்கு வழுக்கை விழுந்துவிடும். என் சித்தப்பா ஒருவர் இதே வழியில் மூன்று கல்யாணங்களை நிறுத்தினார். மூன்று வீட்டிலும் அவருக்கு இன்றைக்கும் முதல் பந்தியில் இலை.

நானும் சித்தப்பாவின் ரத்தம். ஓவியாவிடம் தனியாகப் போய், “ராக்டால்தான் அழகு. ஆனா முடி கொட்டுமே, உங்கம்மா விடுவாளா?” என்றேன். என் மனைவி கல்பனாவிடம் தனியாகப் போய், “பிரிட்டிஷ்தான் அடக்கம். ஆனா அது மடியில உட்காராதாம், பொண்ணு ஏமாந்துபோவா” என்றேன். இருவரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு நடுவில் உட்கார்ந்து முறுக்கு தின்றேன். முடி, மடி, முடி, மடி என்று பல வாரங்கள் ஓடின. ஆடி நெருங்கியது. இன்னும் கொஞ்சம் இழுத்தால் விமானம் ஏறிவிடலாம்.

இந்த இடத்தில் கல்பனாவின் ஒரு சமாச்சாரத்தையும் சொல்லிவிட வேண்டும். மகள் பத்தாம் வகுப்பை நல்லபடியாக முடித்தால் தாயும் மகளும் பால்குடம் எடுப்பதாக அவள் அச்சரப்பாக்கத்து அம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். மகளைக் கேட்காமல்தான். மகள் முடித்துவிட்டாள். அம்மன் தன் வேலையைச் செய்துவிட்டதால் அடுத்த காய் எங்களுடையது. ஓவியாவோ, “வெயில்ல தலையில பால வச்சிக்கிட்டு நான் நடக்கணுமா? எல்லாரும் போட்டோ எடுப்பாங்க. அப்புறம் ‘ஜெர்மன்ல ஒரு வார்த்த பேசு, ஜெர்மன்ல ஒரு வார்த்த பேசு’ன்னு சுத்தி நிப்பாங்க. நான் என்ன சர்க்கஸா?” என்று ஒரே பிடியாக நின்றாள்.

கல்பனா சண்டை போடவில்லை. பால்குடத்தைப் பற்றி மறுபடி பேசவும் இல்லை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

4

நடுவே கோவளத்துக்கு ஒரு போன் போட்டேன். செங்கல்பட்டுக் கல்லூரியில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்த ரபீக் அங்கேதான் இருக்கிறான். படித்த படிப்புக்கும் அவனுக்கும் அன்றைக்கே ஆகாது. மீன் வண்டி ஓட்டினான், டீக்கடை வைத்தான், இப்போது மாடியில் பெர்ஷியன் பூனை வளர்த்து சிறுசேரி ஐ.டி. குடியிருப்புகளுக்கு விற்கிறான். பூனைகளுக்கு ஏ.சி. அறை. அவனுக்கு மின்விசிறி.

“இன்னா மச்சான், அதிசயமா போன் பண்ணிகினு கீற! ஊர விட்டுத் தொரத்திட்டானுங்களா?”

“பூனை வாங்கணும்டா. ராக்டாலா, பிரிட்டிஷான்னு குழப்பம்.”

“நம்ம கைல டால் ஃபேஸ் கீது, பஞ்ச் ஃபேஸ் கீது. இன்னா வோணும் சொல்லு.”

“பஞ்ச் ஃபேஸ்னா?”

“யாரோ மூஞ்சில குத்துன மாறி சப்பையா இருக்கும். அதுதான் காஸ்ட்லி.”

“மூச்சு விடவே பேஜாரா இருக்குமேடா, அதுக்கு எதுக்கு விலை ஜாஸ்தி?”

“மூக்கு இருந்தா அது தெருப் பூனை மச்சான். மூக்கு கம்மியாவக் கம்மியாவ ரேட்டு ஏறும். மூக்கே இல்லாத பூனை ஒண்ணு கெடச்சா நான் பங்களா கட்டிடுவேன்.”

நான் என் கவலையைச் சொன்னேன். மகள் ஊருக்கு வராமல் இருக்கத்தான் பூனை கேட்கிறாள் என்றேன். அவன் போனுக்குள் விழுந்து விழுந்து சிரித்தான்.

“இத இன்னாமோ புச்சா கண்டுபுடிச்ச மாறி சொல்ற! சிறுசேரில என் கஸ்டமருங்க பாதிப்பேரு அதுக்குத்தான வாங்குறானுங்க. ஒருத்தன் திருநெல்வேலி, ஒருத்தன் தேனி. பொங்கல் வந்தா ஊர்லேர்ந்து அம்மா போன் பண்ணும். ‘பூனைய விட ஆள் இல்லம்மா, அதான் வரல’ன்னுவான். அதே பூனைய என்கிட்ட வுட்டுட்டு நேரா பாண்டிச்சேரி போயிடுவான்.”

“த்தூ!” என்றேன். மனதாரச் சொன்னேன். பெற்ற தாயிடம் பூனையைக் காட்டித் தப்பிக்கிற பயல்களை நினைத்து எனக்கு அப்படி ஒரு அருவருப்பு வந்தது. அந்த வாக்கியத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

போனை வைத்ததும் பூனை என்றால் எனக்கு என்னவாக இருந்தது என்று யோசித்தேன். அச்சரப்பாக்கத்தில் அப்பாவின் நெல் மண்டியில் பூனைகள் இருந்தன. வளர்க்கவில்லை, இருந்தன. பெயர் கிடையாது. சாக்கு அடுக்கின்மேல் எலி பிடிப்பது வேலை. மதியம் கொஞ்சம் மோர்ச்சோறு சம்பளம். “வயிறு ரொம்பிட்டா எவனும் வேலை செய்யமாட்டான்” என்று அப்பா கணக்குப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டே பூனைக்குச் சோறு வைப்பார். கோவளத்தில் ரபீக் வீட்டுக்குப் போனால் கரையில் காயும் வலைமேல் பூனைகள் மல்லாந்து தூங்கும். அங்கே வலை மீனுக்கு, மணல் ஊருக்கு.

இங்கே வலை பூனைக்கு. பால்கனியில் வலை கட்டாமல் பூனை வாங்க முடியாது. வலை கட்ட வீட்டுக்காரர் அனுமதி வேண்டும். பூனை வைக்கவே தனி அனுமதி. வீட்டுக்காரர் இரண்டு வாரம் யோசித்து, வலையின் நிறம் கட்டடத்தின் தோற்றத்தைக் கெடுக்கக்கூடாது என்று பதில் எழுதினார். கட்டடத்தின் நிறம் சாம்பல். ஆகவே, பூனைக்காரர்களின் பாஷையில், நீல வலை வாங்கினோம். மணல் மூட்டைக்கணக்கில் கடையில் கிடைக்கிறது, மல்லிகை வாசனை போட்டது. வங்காள விரிகுடாவின் கரையிலிருந்து புறப்பட்டு வந்து பூனை ஒன்றுக்குப் போக மல்லிகை மணல் சுமந்தவன் என்று என் வரலாற்றில் எழுதலாம்.

5

ராக்டால் விற்கும் அம்மாளின் பெயர் ஃப்ராவ் லிண்ட்னர், அதாவது திருமதி லிண்ட்னர். குட்டியை நாம் பார்ப்பதற்கு முன் அவர் வந்து நம்மைப் பார்ப்பார். வந்தார். சோபாவின் கீழே குனிந்து பார்த்தார். சாமி அலமாரியில் எரிந்த விளக்கைப் பார்த்து, வாலில் தீப்பிடிக்கும் என்றார். கல்பனா உடனே விளக்கை மேல் தட்டுக்கு ஏற்றினாள். பன்னிரண்டு வருஷமாக நான் சொல்லி நடக்காதது.

ஜெர்மன் மொழியில் பூனை பெண்பால். பூனையைப் பற்றிப் பேசியபோதெல்லாம் நான் அதை ஆண்பாலாக்க, ஓவியா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். அந்தப் பேட்டி முடிந்தபோது என் இலக்கணம் தேறவில்லை, கால் கட்டைவிரல்தான் வீங்கியது.

“அடிக்கடி பயணம் போவீர்களா?” என்று கேட்டார் ஃப்ராவ் லிண்ட்னர்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன். “வருஷம் தவறாமல். கோடை விடுமுறை முழுக்க. இந்தியாவுக்கு” என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னேன். கல்பனா என்னை முறைத்தாள்.

ஓவியா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். தெளிவான, அழகான ஜெர்மனில் சொன்னாள்: “அம்மாவும் அப்பாவும் அவர்கள் ஊருக்குப் போவார்கள். நான் என் வீட்டில் இருப்பேன்.”

சபாஷ் என்பதுபோல ஃப்ராவ் லிண்ட்னர் தலையாட்டினார். அந்த மொழியில் நான் தினமும் தடுக்கி விழுகிறேன், ஆனால் அந்த இரண்டு வாக்கியத்தில் ஒரு சொல்கூட எனக்குப் புரியாமல் போகவில்லை. ‘அவர்கள் ஊர்’. சிரித்தேன். பிரமாதமாகச் சிரித்தேன்.

சனிக்கிழமை காலை வரச் சொன்னார். நேரம் தவறக்கூடாது, இன்னொரு குடும்பமும் காத்திருக்கிறது என்றார். சாயங்காலம் அதே திசையில் பிரிட்டிஷ் வைத்திருக்கும் ஒரு கிழவரையும் பார்த்துவிடுவது என்று முடிவானது. ‘இன்னொரு இடமும் பார்த்துடலாமே’ என்று நான்தான் சேர்த்துவிட்டேன்.

6

சனிக்கிழமை காரில் போனோம். இரண்டு பக்கமும் புதர்வேலி, நடுவே ஒரு கார் போகிற அளவு கிராமத்துச் சாலை. ஓவியா பின்சீட்டில் காலிக் கூடையை மடியில் வைத்துப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். அவள் என் எதிரில் பாடி எவ்வளவோ நாளாகிறது.

ஒரு கறுப்புப் பூனை வேலியிலிருந்து இறங்கி, நிதானமாக, எங்களுக்குக் குறுக்கே சாலையைக் கடந்து போனது.

நான் பிரேக்கைப் போட்டேன். சத்தியமாக யோசித்துப் போடவில்லை. கால் தானாகப் போட்டது.

“நில்லுங்க, நில்லுங்க. யாராவது முன்னாடி போகட்டும்” என்றாள் கல்பனா. வங்கியில் பொருளாதார அறிக்கை எழுதுகிறவள்.

ஊரில் இது ஒரு விஷயமே இல்லை. ஜி.எஸ்.டி. சாலையில் பூனை குறுக்கே போனால் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக்கினால் போதும். கண்மூடித் திறப்பதற்குள் ஒரு ஷேர் ஆட்டோ, மூன்று பேர் உட்கார்ந்த ஒரு பைக், தண்ணீர் லாரி ஒன்று நம்மைத் திட்டிக்கொண்டே முந்திப் போய்விடும். நம் கெட்ட சகுனத்தை ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு போக அங்கே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மக்கள்தொகையின் பெரிய வசதி அது.

இங்கே எதிரில் யாரும் வரவில்லை. பின்னால் ஒரு சிவப்புக் கார் வந்தது. முந்தவில்லை. மரியாதையாக நின்றது. அதற்குப் பின்னால் ஒரு டிராக்டர் வந்தது. அதுவும் நின்றது. ஒருவனும் ஹாரன் அடிக்கவில்லை. நான் கையை வெளியே நீட்டிப் போ, போ என்று ஆட்டினேன். அவசர உதவி கேட்கிறேன் என்று நினைத்து சிவப்புக் காரிலிருந்து ஒரு பெண் இறங்கி ஓடிவந்தார்.

“என்ன ஆயிற்று?”

“பூனை” என்றேன். பெண்பாலில் சரியாகச் சொன்னேன்.

அவர் முகம் வெளுத்தது. “இடித்துவிட்டீர்களா?”

இல்லை என்று நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவர் டிராக்டர்காரரைக் கூப்பிட்டுவிட்டார். டிராக்டர்காரர் கையுறை மாட்டிக்கொண்டு வேலிக்குள் இறங்கினார். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிழவி போர்வையோடு வந்தார். அடிபட்ட பூனையைத் தேடி நல்ல மனம் படைத்த ஜெர்மானியர்கள் புதர் புதராக விலக்கினார்கள். நானும் தேடினேன். நான் இடிக்காத பூனையை, இல்லாத காயத்தோடு, முட்செடிக்குள் குனிந்து தேடினேன். என் மூதாதை முனுசாமியோ முனியனோ மேலே இருந்து பார்த்திருந்தால் வம்சாவளியிலிருந்து என் பெயரை அடித்திருப்பார்.

கடைசியில் அந்தக் கறுப்புப் பூனை வேலிக்கம்பத்தின்மேல் உட்கார்ந்து எங்கள் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்ததை ஓவியாதான் கண்டுபிடித்தாள்.

ஃப்ராவ் லிண்ட்னர் வீட்டு வாசலில் இன்னொரு குடும்பம் கூடையோடு வெளியே வந்துகொண்டிருந்தது. கூடைக்குள் இரண்டு நீலக் கண்கள். “பூனைக்கு மிகவும் தேவை நம்பகமான மனிதர்கள்” என்றார் ஃப்ராவ் லிண்ட்னர். கதவு சத்தமில்லாமல் மூடியது.

காரில் ஏறியதும் ஓவியா அழுதாள். கோபம் வந்தால் ஜெர்மனில் பொரிந்து தள்ளுகிறவள், அன்றைக்கு என் அக்கா வாயிலிருந்து பிடுங்கியதுபோல அசல் அச்சரப்பாக்கத்தில் கத்தினாள்.

“இன்னாத்துக்குப்பா இப்டிப் பண்ண? வோணும்னேதான பண்ண? எனக்குத் தெரியும், நீ மொதல்லேர்ந்தே இப்டித்தான் பண்ணிகினு கீற!”

வேண்டுமென்றே செய்ததெல்லாம் அதற்கு முன்னால். இதை மட்டும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் எந்த முகத்தோடு சொல்வது? பேச்சுப் போட்டியில் தட்டு வாங்கிய வாய் திறக்கவே இல்லை. பேசியது கல்பனா.

“அழாத. சாயங்காலம் பிரிட்டிஷ் வாங்கறோம். ஆனா ஒண்ணு. நீ எங்கூட ஊருக்கு வந்து பால்குடம் எடுக்கற.”

“அப்போ பூனைய யாரு பாத்துப்பா?”

கல்பனா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“ரெண்டு வாரம்தான் இருப்பேன்” என்றாள் ஓவியா மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“ரெண்டு வாரம் போதும்.”

7

பிரிட்டிஷ் வைத்திருந்த கிழவர் பண்ணை வீட்டில் தனியாக இருந்தார். எங்கள் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை, சோபாவைப் பற்றிக் கேட்கவில்லை. ஒன்றாகத் தரமாட்டேன், தனியாக இருந்தால் பூனைக்குப் பைத்தியம் பிடிக்கும், இரண்டாக எடு என்றார். விலையைக் கேட்டதும் எனக்குத்தான் பைத்தியம் பிடித்தது. ராக்டாலா பிரிட்டிஷா என்று பல வாரங்கள் குழம்பிய குடும்பம், ஒரே இனத்தில் இரண்டு வாங்கியது. இன்னொரு இடமும் பார்த்தால் இப்படி ஆகும் என்று சித்தப்பா எனக்குச் சொல்லவே இல்லை.

கிழவருக்கு ஒரே ஒரு நிபந்தனை. குடும்பம் வெளியூர் போனால் பெரியவர் ஒருவர் பூனைகளோடு வீட்டில் இருக்க வேண்டும். பதினாறு வயதுப் பிள்ளை கணக்கில் வராது. பெரியவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

“யார் அந்தப் பெரியவர்?” என்று கேட்டார்.

தாயும் மகளும் ஒரே நேரத்தில் என்னைக் கை காட்டினார்கள். எங்கள் வீட்டில் அந்த இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. காலையில் நான் பண்ணிய காரியத்துக்குப் பிறகு மறுக்க எனக்கு வாயும் இல்லை, யோக்கியதையும் இல்லை. போட்டேன். வருஷம் முழுக்க ஊர், ஊர் என்று மூச்சுவிடுகிறவன், ஊருக்குப் போகமாட்டேன் என்று இரண்டு தாசில்தார்கள் சாட்சியாக எழுதிக் கொடுத்தேன்.

விமான நிலையத்தில் நின்று கையாட்டியபோதும் சிரித்தேன்.

8

போன முதல் இரண்டு நாள் ஓவியாவிடமிருந்து வந்தது ஒரே சொல்: வெயில். மூன்றாவது நாள் கல்பனா அவளைக் கோவளத்துக்கு அழைத்துப்போனாள். ரபீக்கின் மாடியில் ஏறியவள் இறங்கவில்லை. பூனைக்கு எண்ணெய்ச் சோறு போடக்கூடாது, காதை இப்படித் துடைக்க வேண்டும், மூக்கில்லாத குட்டியை வெயிலில் விடக்கூடாது என்று அவனுக்குச் சட்டம் போட ஆரம்பித்தாள். ரபீக் சட்டத்துக்குக் கட்டுப்படுகிற ஆளா? அதை வியாபாரமாக்கிவிட்டான்.

“மச்சான், உம் பொண்ணு சூப்பர்!” என்று போனில் கத்தினான். “சிறுசேரிலேர்ந்து ஒரு மேடம் வந்துச்சி. ‘இந்தக் குட்டி ஒரிஜினலா’ன்னு கேட்டுச்சி. உம் பொண்ணு ஜெர்மன்ல ஏதோ நாலு வார்த்த சொல்லிச்சி பாரு, அந்தம்மா பேரம் பேசாம வாங்கிகினு போச்சி. ‘ஜெர்மன் எக்ஸ்பர்ட் செக் பண்ணது’ன்னு இப்ப போர்டே வச்சிட்டேன்.”

ஜெர்மன்ல ஒரு வார்த்தை பேசு என்றால் எரிந்து விழுகிறவள். இவன் ஒரு வார்த்தைக்குக் கமிஷன் தருகிறானாம். என் மகள்தான், சந்தேகமில்லை.

நேற்றுப் பால்குடம். வீடியோவில் பார்த்தேன். மஞ்சள் புடவை, கழுத்தில் வேப்பிலை, தலையில் குடம். அக்கம்பக்கத்தில் ஜனம் போட்டோ எடுக்க, அவள் குடத்தைப் பிடித்த கையின் இடுக்கிலிருந்து நாக்கைத் துருத்திக் காட்டிக்கொண்டே நடந்தாள். நான் எவர்சில்வர் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். தாசில்தார்கள் இருவரும் மேசைமேல் உட்கார்ந்து, மனு தள்ளுபடி என்பதுபோல என்னைப் பார்த்தார்கள்.

இன்று காலை, ஆபீஸுக்குக் கிளம்புகிற நேரத்தில், அவளிடமிருந்து போன்.

“பா, ரெண்டு வாரம்னு சொன்னேன்ல? லீவு முடியற வரைக்கும் இருந்துட்டு வரட்டா? ரபீக் அங்கிள் வூட்ல ஒண்ணு குட்டி போடப் போவுது. நான் இல்லன்னா அவரு சொதப்பிடுவாரு.”

“டிக்கெட்?”

“அத நீ மாத்திடு.”

“அப்போ நான்?”

“நீ பூனையப் பாத்துக்கோ. கையெழுத்து நீதான போட்ட?”

எனக்கு வேண்டியதுதான் இது. மகள் ஊரில் இருக்கிறேன் என்கிறாள். இத்தனை வருஷம் நான் கெஞ்சியது இதற்குத்தான். தலைகீழாக நிறைவேற்றித் தருவது என்று அம்மன் முடிவு செய்திருந்தால் நான் யாரிடம் போய் முறையிடுவது? சரி என்றேன். அவள் போனை அக்காவிடம் கொடுத்துவிட்டு ஓடினாள்.

“டேய்” என்றாள் அக்கா. “நேத்து கோயில்ல எல்லாரும் உன்னக் கேட்டாங்கடா. தம்பி ஏன் வரலன்னு.”

“ஆபீஸ்ல லீவு தரலன்னு சொல்லிடுக்கா.”

“எங்க சொல்றது? அதுக்கு மின்னாடியே உம் பொண்ணு ஊரு பூரா சொல்லிட்டா.”

“என்னன்னு?”

“‘பூனைய விட ஆள் இல்ல, அதான் அப்பா வரல’ன்னு.” அதே மூச்சில் “த்தூ!” என்றாள்.

மனதாரச் சொன்னாள். போனை வைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டி, எழுந்து கதவைப் பார்த்தேன். பெரிய தாசில்தார் சோபாவிலிருந்து இறங்கி, சோம்பல் முறித்து, எனக்குக் குறுக்கே நடக்க ஆரம்பித்தார்.

தம்ளரில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது.